பொதுவும் தனியும்

ஏலமலைச் சரிவுகளில் விளையும் ஏலக்காய், போடிநாயக்கனூரிலும் கேரளத்தின் புற்றடியிலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மேற்பார்வையில் நடைபெறும் மின்னணு ஏலத்தில் விலைபோகிறது. ஏல நாளில் கணினி நின்றால் அன்றைய சரக்கும் தேங்கும். இத்தகைய ஏலத்துக்கு ஒரு வலைச்செயலியும் கணக்குக்கு மற்றொன்றும் ஜாவா மொழியில் எழுதப்பெற்று, டாம்கேட் என்னும் ஒரே சேவையகத்தில் இயங்குவதாகக் கொள்வோம். அவற்றுக்கு வேண்டிய நூலகக் கோப்புகளை எங்கே வைப்பது?

சேவையகத்தின் 'லிப்' கோப்புறையில் வைத்தவை எல்லாச் செயலிகளுக்கும் பொது. செயலியின் 'வெப்-இன்ஃப்' கோப்புறைக்குள் அமைந்த 'லிப்' பகுதியில் வைத்தவை அச்செயலிக்கே உரியவை. செயலிக்குரிய இனக்குழு ஏற்றி, ஜாவாவின் அடிப்படை இனக்குழுக்கள் போன்ற சில நீங்கலாக, முதலில் தன் கோப்புறையிலேயே தேடும். அங்கு இல்லையெனில் பொதுவிடத்துக்குச் செல்லும். பொதுவிடத்தில் உள்ளவையோ தனிக் கோப்புறையைக் காணமாட்டா.

வட்டில் இடம் மிச்சமாகுமென எல்லாவற்றையும் பொதுவில் இடுவோர் உளர். மிச்சமாவது சிறிதே, இடரோ பெரிது. கணக்குச் செயலிக்காகப் பொதுக் கோப்பைப் புதிய பதிப்பாக மாற்றினால், பழைய பதிப்பை நம்பிய ஏலச் செயலி நின்றுபோகலாம். ஆதலின் ஒவ்வொன்றும் தன் பதிப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்வது நன்று.

சேவையகமே பேணும் தரவுத்தள இணைப்புகளுக்குரிய இயக்கி போன்றவை பொதுவில்தான் இருத்தல் வேண்டும். அவற்றின் நகலைத் தனிக் கோப்புறையிலும் வைத்தல் ஆகாது. பெயர் ஒன்றேயாயினும், இரு ஏற்றிகள் தனித்தனியே ஏற்றிய இனக்குழுவை ஜாவா இரு வேறு இனக்குழுக்களாகவே கொள்ளும். ஒன்றின் பொருளை மற்றொன்றின் பொருளாகக் கையாள முயன்றால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும்.