குளோரின் திரவத்தை அளந்து கலப்போம்

பயிருக்கு மருந்து தெளிக்கும்போது தாங்கிக்கு எத்தனை மூடி என்று அளந்து ஊற்றுபவர்கள் நீங்கள். கூடினால் பயிர் கருகும். குறைந்தால் பூச்சி சாகாது. குளோரின் திரவத்துக்கும் இதே கணக்குத்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தில் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்தது. மடவளையிலோ வேறெங்கோ, வீடிழந்த பல குடும்பங்கள் ஒரே மலசலகூடத்தைப் பாவிக்க நேர்ந்தால் வயிற்றோட்டம் விரைவாகப் பரவும். முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகளே.

கோவிட் பரவிய 2020இல் உலக சுகாதார ஸ்தாபனம் தரை, கைபிடி போன்றவற்றுக்கு 0.1 சதவீதக் கரைசலையும், இரத்தமோ உடற்கழிவோ சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதக் கரைசலையும் பரிந்துரைத்தது.

போத்தலின் லேபிளில் உள்ள சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து 1ஐக் கழியுங்கள். வருவது, ஒரு பங்கு திரவத்துக்குச் சேர்க்க வேண்டிய நீரின் பங்கு. போத்தலில் 5 சதவீதம் என்றிருந்தால்:

தரைக்கு: ஒரு பங்கு திரவம், 49 பங்கு நீர். அதாவது 10 லீற்றர் கரைசலுக்கு 200 மில்லிலீற்றர் திரவம்.

கழிவு சிந்திய இடத்துக்கு: ஒரு பங்கு திரவம், 9 பங்கு நீர்.

முதலில் சவர்க்காரமிட்டு அழுக்கைக் கழுவுங்கள். அழுக்கு குளோரினின் வலுவைத் தின்றுவிடும். பின்னர் கரைசலைப் பூசி 10 நிமிடம் விடுங்கள். குளிர்ந்த நீரையே பாவித்து, அன்றன்றைக்குக் கலக்குங்கள்.

மலசலகூடம் கழுவும் அசிட்டுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நுரையீரலைத் தாக்கும் நச்சுவாயு எழும். குடிநீர்ப் போத்தலிலும் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது தண்ணீராகவே தெரியும்.