பொடார்சிஸ்: பால் மாறிய பல்லிப் பெயர்

தெற்கு ஐரோப்பாவில் வெயிலேறிய கற்சுவர்களில் பகல் முழுக்க ஓடித் திரியும் பல்லி இது. நம் வீட்டுப் பல்லியின் குடும்பம் அல்ல. கண்களுக்கு இமை உண்டு, விரல்களில் ஒட்டும் பட்டை கிடையாது, நகத்தால் பற்றித்தான் சுவரேறும். 1830இல் ஜெர்மானிய விலங்கியலாளர் வாக்லர் இந்தப் பேரினத்துக்குப் ‘பொடார்சிஸ்’ என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ‘பொடார்கெஸ்’ என்றால் விரைந்த கால்களை உடைய என்று பொருள். இலியட் காவியத்தில் வீரன் அக்கிலீஸுக்கு ஹோமர் சூட்டும் அடைமொழியும் அதுவே. இந்தப் பல்லிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

ஆனால் இந்தப் பெயர் ஆண்பாலா, பெண்பாலா? தமிழில் ‘நல்ல’ என்ற சொல் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். அறிவியல் பெயர்கள் பின்பற்றும் லத்தீனில் அப்படியல்ல, அடைச்சொல் பெரும்பாலும் ஆண்பாலில் ‘உஸ்’ என்றும் பெண்பாலில் ‘ஆ’ என்றும் முடியும். சிற்றினப் பெயர் அடைச்சொல்லாக இருந்தால், அது பேரினப் பெயரின் பாலோடு இயைய வேண்டும் என்பது விலங்கியல் பெயரிடலின் சர்வதேச விதி. சுவரில் ஓடுவது ஆண் பல்லியா, பெண் பல்லியா என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

1810இல் ராஃபினெஸ்க், சிசிலித் தீவின் பல்லிக்கு ‘லசெர்டா சிக்குலா’ என்று பெயர் வைத்தார். லசெர்டா பெண்பால்; ஆகவே சிக்குலா. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பல்லிகளை லசெர்டாவிலிருந்து பிரித்துப் பொடார்சிஸில் சேர்த்தபோது, பழைய ‘ஆ’ விகுதியும் கூடவே வந்துவிட்டது. மூலக் கிரேக்கச் சொல்லோ இரு பாலுக்கும் பொதுவானது. அத்தகைய பெயரை, முதலில் சூட்டியவர் பெண்பாலாகக் கையாண்டிருந்தாலொழிய, ஆண்பாலாகவே கொள்ள வேண்டும் என்கிறது விதி. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு சிக்குலா சிக்குலஸ் ஆயிற்று. இதே பேரினத்தின் இன்னொரு சிற்றினமான டாரிகா டாரிகஸ் ஆயிற்று. மற்றொரு சிற்றினப் பெயரான ‘முராலிஸ்’ மாறவில்லை, அதன் விகுதி இரு பாலுக்கும் பொது. ‘லில்ஃபோர்டி’யும் தப்பியது, அது அடைச்சொல் அல்ல, ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்த வேற்றுமை வடிவம்.

இதெல்லாம் இலக்கணப் பிடிவாதம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. 1971இல் அட்ரியாட்டிக் கடலின் ஒரு குட்டித் தீவிலிருந்து இந்தச் சிக்குலஸ் பல்லிகளில் ஐந்து ஜோடிகளைப் பக்கத்துத் தீவில் விட்டார்கள். அவற்றின் வழித்தோன்றல்கள் பெரும்பாலும் தாவரம் தின்பவையாக மாறி, தலை பெருத்து, குடலில் புதிய தடுப்பு வால்வுகளும் பெற்றிருந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. பரிணாமம் படிப்போர் தவறவிடக்கூடாத அந்தக் கட்டுரையில் இருப்பது பழைய பெயர். இணையத்தில் இந்தப் பல்லியைத் தேடும் மாணவர்களே, சிக்குலஸ், சிக்குலா இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.