நாஸ்திகர் யார்?

"நாஸ்திகன்" என்னும் சொல்லை நம்மவர் வெகு தாராளமாக வழங்கி வருகின்றனர். கடவுள் இல்லையென்று சாதிப்பவனுக்கும் அதுவே பட்டம். உண்டென்று நம்புவதற்குத் தக்க ருசு தனக்குக் கிட்டவில்லையென்பவனுக்கும் அதுவே பட்டம். இரண்டும் ஒன்றாமோ? ருசு போதாதென்று கடன் வழக்கைத் தள்ளிய நீதிபதி, கடன் கொடுக்கப்படவேயில்லையென்று சத்தியம் செய்தவராவாரா?

இந்த வித்தியாசம் மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கென்று நேயர்கள் எண்ண வேண்டாம். சாங்கிய சூத்திரம் ஈசுவரன் விஷயத்தில் 'அசித்தி' என்ற பதத்தை ஆள்கிறது. நிரூபணமாகவில்லை என்பது அதன் பொருள். அதற்கு உரை கண்ட விஞ்ஞானபிக்ஷு, ஈசுவரன் இல்லையென்பதே கருத்தாயின் சூத்திரகாரர் 'அபாவம்' என்றே சொல்லியிருப்பார் என்று வாதிக்கிறார். அவரோ ஈசுவர நம்பிக்கையுள்ளவர். ஒரு பதத்தை இவ்வளவு நுட்பமாக நிறுத்துப் பார்க்கும் பொறுமையை நமது மேடைகளில் இப்போது காணோம்.

அப்பொறுமை இல்லாத இடத்தில் விளையும் அநீதிக்குச் சார்லஸ் பிராட்லாவின் சரித்திரமே சாட்சி. கடவுள் இல்லையென்று நாஸ்திகன் சொல்வதில்லை, அச்சொல்லால் நீங்கள் குறிக்கும் பொருள் யாதென்றே அவனுக்கு விளங்கவில்லை என்று எழுதியவர் அவர். கடவுளுக்கு இன்ன இலக்கணமென்று வரையறுத்துக் காட்டினால், அதைப் பரிசீலித்து மறுக்கவும் அவர் தயங்கியதில்லை. 1880-ல் நார்தாம்ப்டன் தொகுதியார் அவரைப் பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக்கு அனுப்பினர். கடவுளின் பெயரால் ஆணையிடாமல், உறுதிமொழி மட்டும் கூற அனுமதி கேட்டார். சட்டம் அவருக்கு அச்சலுகை தரவில்லையென்றார்கள். சரி, ஆணையே இடுகிறேன் என்றார். நம்பிக்கையில்லாதவன் ஆணையிடலாகாது என்றார்கள்! ஓரிரவு கடிகாரக் கோபுரத்தில் காவலில் வைத்தனர். 1881-ல் சபையிலிருந்து பலாத்காரமாக வெளியேற்றினர். இடைத்தேர்தல்களில் தொகுதியார் மும்முறை அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தும் பயனில்லை. 1886-ல்தான் அவர் ஆசனம் பெற்றார். உறுதிமொழி கூறும் உரிமையை யாவர்க்கும் அளித்த 1888-ஆம் வருஷத்துச் சட்டம் அவருடைய முயற்சியே.

பாரத நாட்டுக்கும் அவர் அந்நியரல்லர். 1889-ல் பம்பாய்க் காங்கிரஸுக்கு வந்திருந்தார். நமது குறைகளைப் பார்லிமெண்டில் எடுத்துரைத்தார். அவரைத் தடுத்த பழைய தீர்மானத்தைக் காமன்ஸ் சபை 1891 ஜனவரி 27-ல் தன் குறிப்பேட்டிலிருந்து நீக்கியது. மூன்றாம் நாள் அவர் காலமானார். லண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த இளைஞர் காந்தியும் அவரது அடக்கத்துக்குச் சென்றிருந்தார்.

நமது அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, கடவுளின் பெயரால் ஆணையிடவோ, உளமார உறுதி கூறவோ இடம் தருகிறது. உறுதி கூறிப் பதவியேற்பவரைக் கண்டதும், "கடவுள் இல்லையென்கிறார் பார்!" என்று முணுமுணுக்கும் அன்பர்களை நாம் ஒன்று கேட்கிறோம். வேதாகமம் ஆணையிடுவதைத் தடுக்கிறதென்று பக்தி மேலீட்டால் உறுதிமொழி மட்டும் கூறுகிற குவேக்கர் கிறிஸ்தவர்களை இவர்கள் எந்த வரிசையில் நிறுத்துவார்கள்?