கல்லும் வேதமும் – 14: பல்லாவரத்துக் கல் யாருக்கு எதிரி?

1863 மே 30. பல்லாவரத்தில் பட்டாளத்து அணிவகுப்புத் திடலுக்குப் பக்கத்தில், செம்மண் சரளை தோண்டிய ஒரு குழியில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கற்கோடரி அது. அதே செப்டம்பரில், துறைத் தோழர் வில்லியம் கிங்குடன் போனபோது, கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அதிரம்பாக்கத்தில் இன்னும் பல கிடைத்தன. இந்திய மண்ணில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்ற ஆராய்ச்சி இங்கேதான் தொடங்கியது.

இந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடுகிற ஒரு உறவு இருக்கிறது. ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்து, ஆறுமுக நாவலரை உடன் வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். மாமனார் வேதத்துக்குத் தமிழ் தேடினார். மருமகன் மண்ணில் ஆதிமனிதனைத் தேடினார். அந்த மருமகனுக்கு ஏற்காட்டின் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் நினைவுக்கல் இருக்கிறது.

அந்தக் காலத்து ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் ஒரு வருடக் கணக்கு அச்சிட்டிருக்கும். அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் 17ஆம் நூற்றாண்டில் போட்ட கணக்கு: உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004. அப்படியானால் பூமியின் வயது இன்றைக்கு 6,000 ஆண்டுகளுக்குச் சற்று மேல். அதிரம்பாக்கத்தைப் பல ஆண்டுகள் அகழ்ந்த சாந்தி பப்புவின் குழு 2011இல் வெளியிட்ட முடிவு வேறு. அங்கே கிடைத்த மிகப் பழைய கற்கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது. பூமிக்குள் புதைந்த பிறகு குவார்ட்ஸ் கல்லில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க ஐசோடோப்புகள் வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் புதைந்த காலம் தெரியும். மண்ணில் பதிந்திருக்கும் பழைய காந்தத் திசையையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உத்திரமேரூர் வட்டத்துக் குவாரிகளில் உடைத்த ஜல்லியை ஏற்றிக்கொண்டு டிப்பர் லாரிகள் ஓடுகிற பகுதி இது. இந்த வட்டாரத்துச் சார்னோகைட், நைஸ் என்ற கருங்கல் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. சென்னைச் சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டால், அங்கே ஃபூட் ஆராய்ந்த பாறை அடுக்குகளில் 10 கோடி ஆண்டுக்கும் மேல் பழைய செடிகளின் இலைத் தடங்கள் இருக்கின்றன. நம் ஊர்ச் சபைகள் பலவற்றின் சுவரே இந்தக் கருங்கல்லில் எழும்பியதுதான்.

நான் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவன். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்தவன். அதனால்தான் இதை உள்ளேயிருந்து சொல்கிறேன்: உலகம் 24 மணி நேர நாட்கள் ஆறில், 6,000 ஆண்டுகளுக்கு முன் உண்டானது என்று நம்பினால்தான் கிறிஸ்தவன் என்று சொல்லும் போதனை, கிறிஸ்தவத்துக்குத் தீங்கு செய்கிறது. பெரிய தீங்கு.

இந்தப் போதனைதான் நம் முன்னோரின் விசுவாசம் என்று பலர் நினைக்கிறார்கள். அஷருக்கு முன்னும் பின்னும் உலகத்தின் வயதை ஆயிரக்கணக்கில் கணக்கிட்டவர்கள் இருந்தது உண்மைதான். ஆனால் அதை விசுவாசத்தின் அளவுகோலாக்கியது யார்? 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிகன் ஒரு கேள்வி கேட்டார்: சூரியனே நான்காம் நாளில்தான் வருகிறது என்றால், முதல் மூன்று நாளின் காலையும் மாலையும் எப்படி வந்தன? கேட்டது நாத்திகர் இல்லை, வேத விளக்கத்துக்கே வாழ்வைக் கொடுத்த ஆசான். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் ஆதியாகமத்துக்கு ஒரு முழு விளக்க நூலே எழுதினார். வானத்தையும் பூமியையும் பற்றி நன்றாகத் தெரிந்த ஓர் அவிசுவாசியிடம், ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பேரால் அறியாத்தனமாகப் பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை அவன் எப்படி நம்புவான் என்று அதில் கவலைப்பட்டார். 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கவலையை இன்று காஞ்சிபுரத்தில் எந்தப் பள்ளி வாசலிலும் கேட்கலாம்.

இந்தப் போதனை இன்று நம் கையில் வந்து சேர்ந்திருக்கும் வடிவம் 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் உருவானது. 1923இல் ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ் என்ற ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் எழுத்தாளர், பூமியின் பாறை அடுக்குகள் எல்லாவற்றையும் நோவா காலத்து வெள்ளத்தின் கணக்கில் எழுதினார். 1925இல் டென்னசி மாநிலத்தில் பரிணாமம் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர் மீது வழக்கு நடந்தது. அதில் பரிணாமத்தை எதிர்த்து நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்கூட, படைப்பின் நாட்கள் 24 மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை என்று கூண்டில் ஏறி ஒப்புக்கொண்டார். 1961இல் விட்கம் என்ற இறையியலாளரும், ஹென்றி மோரிஸ் என்ற நீரியல் பொறியாளரும் சேர்ந்து பிரைஸின் கருத்தைப் புதுப்பித்து நூலாக்கிய பிறகுதான் அது பெரிய இயக்கமானது. அந்த இயக்கத்தின் வாதங்கள்தாம் மொழிபெயர்த்த துண்டுப் பிரசுரமாகவும் யூடியூப் பிரசங்கமாகவும் நம் சபைகளுக்கு வருகின்றன. தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரிகள் கொண்டுவந்ததல்ல அது. 1776இல் அங்கே வந்த ராட்லர் ஐயர் தமிழ் அகராதியும் தொகுத்தார், செடிகளையும் சேகரித்தார். படைப்பைக் கூர்ந்து பார்ப்பதே ஊழியத்தின் பகுதி என்று வாழ்ந்த மரபு அது.

கத்தோலிக்கத் திருச்சபை இதைப் பேசி முடித்துவிட்டது. மனித உடலின் பரிணாமம் ஆராயத்தக்க கருத்து என்று 1950இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் எழுதினார். பரிணாமக் கோட்பாடு வெறும் ஊகத்துக்கு மேற்பட்டது என்று 1996இல் இரண்டாம் யோவான் பவுல் சொன்னார். பிரபஞ்சம் விரிகிறது என்ற கோட்பாட்டைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான ஜார்ஜ் லெமெத்ர் ஒரு குருவானவர்.

எதிர்த்தரப்பில் ஒன்றை நான் மதிக்கிறேன். வேதம் சொன்னால் சொன்னதுதான் என்ற உறுதி, கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு முதுகெலும்பாக இருந்திருக்கிறது. சாதி அவமானத்தைத் தாண்டி, தேவசாயலில் படைக்கப்பட்டவன் நான் என்று ஒரு மனிதன் நிமிர்ந்து நின்றது ஆதியாகமத்தை நம்பித்தான். அந்த வாக்கு பூமியின் வயதைச் சார்ந்ததல்ல. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடும்போதுதான் விபரீதம்.

யோசித்துப் பாருங்கள். வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சொல்கிறோம்: ஆறு நாள் பொய்யென்றால் சிலுவையும் பொய். அந்தப் பிள்ளை நம் மாநிலப் பாடத்திட்டத்திலேயே பத்தாம் வகுப்பில் பரிணாமம் படிக்கிறது. பிறகு கல்லூரியில் புவியியலோ உயிரியலோ எடுக்கிறது. பாறையின் வயதைத் தன் கையால் கணக்கிடுகிறது. அப்போது அந்தப் பிள்ளைக்கு நாம் விட்டுவைத்த வழி இரண்டே: படித்ததை மறைத்துக்கொண்டு சபையில் உட்காருவது, இல்லையென்றால் சபையையே விட்டுப் போவது. அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களை விரட்டியது டார்வின் என்று சபையில் பேசிக்கொள்கிறோம். அந்த நிபந்தனையைப் போட்டது நாம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு: பொதுவெளியில் அறிவியலுக்காகப் பேசும் தகுதியை இழக்கிறோம். 2018இல் ஒன்றிய அமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தவறு என்றார். 2023இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமப் பகுதி நீக்கப்பட்டிருந்தது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். புராணத்தை அறிவியல் என்று பாடமாக்காதே என்று கேட்கும் உரிமை, தன் வேதத்தையும் அறிவியல் பாடமாக்க நினைக்காதவனுக்கே உண்டு. இந்த மாநிலத்தில் தலைமுறைகளைப் படிக்கவைத்த பள்ளிகளும் கல்லூரிகளும் நம்முடையவை. அவற்றை நடத்திய சமூகம் இந்த விவாதத்தில் வாய்மூடி நிற்பது பெரிய வெட்கம்.

போதகர்களுக்கும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஃபூட் சேகரித்த கற்கருவிகளை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. எழும்பூரில் போய்ப் பார்க்கலாம். இந்த வருட வி.பி.எஸ். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். அந்தக் கற்களுக்கு முன்னால் அவர்கள் கேட்கும் கேள்விகளை அதட்டாமல் கேளுங்கள். தெரிந்ததற்குப் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஆண்டவரை நம்புவதற்கு அந்தக் கல்லை மறுக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் அன்றைக்கே, உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.