இருதயக் கதவில் ஒளிந்த கிருமி

சென்னை நொச்சிக்குப்பத்தில் பொழுது விடியுமுன்பே படகுகள் கடலுக்குப் போகின்றன. காய்ச்சல் என்று படுத்தால் அன்றைய வரும்படி போச்சு!

உழைத்துப் பிழைப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். காய்ச்சல் விடுகிறது. பத்து நாளில் மறுபடியும் வருகிறது.

இப்படி விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்குச் சில சமயம் இருதயமே காரணமாக இருக்கும்.

நான்கு கதவுகள்

இருதயத்தில் நான்கு கதவுகள் உண்டு. "வால்வு" என்பது இவைதான். ரத்தம் பின்னால் திரும்பாமல் இவை காக்கின்றன.

சிறு வயதில் மூட்டுகளை வீங்க வைக்கும் வாதக் காய்ச்சல், சிலருக்கு இந்தக் கதவுகளைப் பழுதாக்கிவிடும். பழுதான கதவில் கிருமிகள் எளிதில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து!

வளராத கிருமி

கதவின் மேல் படர்ந்த கிருமிக் கட்டியை "எக்கோ" படம் காட்டும். அது எந்தக் கிருமி? ரத்தம் எடுத்து, புட்டியில் வளர்த்துப் பார்ப்பார்கள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை ரத்தம் எடுப்பது வழக்கம்.

சிலருக்கு ஒன்றுமே வளராது. முன்பே தின்ற மாத்திரை கிருமியை அடக்கியிருக்கலாம். அல்லது, அது புட்டியில் எளிதில் வளராத அபூர்வக் கிருமியாக இருக்கலாம்.

தரமணியில் துப்பு

நொச்சிக்குப்பத்துக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் இருக்கிறது தரமணி. அங்குள்ள சென்னைப் பல்கலைக்கழக மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் இந்தப் புதிரை ஆராய்ந்தார்கள். பிரான்சு நாட்டு மார்செய் நகர நிபுணர்கள் கைகொடுத்தார்கள். 2008-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு அபூர்வக் கிருமிகள் சிக்கின!

ஒன்று, பார்ட்டோனெல்லா குயின்டானா. உடம்புப் பேன் பரப்புவது. முதல் உலகப் போரில் பதுங்கு குழிச் சிப்பாய்களை வாட்டியது இதுதான்.

மற்றொன்று, காக்ஸியெல்லா. ஆடு மாடுகளிடமிருந்து மனிதருக்கு வருவது.

இத்தகைய கிருமிகளைப் பிடிக்க வழி உண்டு. கிருமி ஒளிந்தாலும், அதோடு போராட உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கும். அதை அளந்தால் குட்டு வெளிப்படும்.

நாம் செய்ய வேண்டியது

கிருமியின் பெயர் தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும். காக்ஸியெல்லாவுக்கு மாதக் கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும்.

ஆகவே, இருதயக் கோளாறு உள்ளவர்கள் காய்ச்சல் கண்டால் தாமாக மாத்திரை விழுங்கக் கூடாது. முதலில் டாக்டரிடம் போக வேண்டும். என்ன மாத்திரை தின்றோம், வீட்டில் ஆடு மாடு உண்டா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வார்த்தை உயிரைக் காப்பாற்றலாம்!