விரல் நீளப் பெட்டிக்குள் ஒரு விளக்கு

பெரியநாயக்கன்பாளையம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் உள்ள நூற்பு இயந்திரத் தொழிற்சாலை, அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்தியாலயம், மேற்கே குருடிமலை. இந்தப் பக்கத்தில் 'இழை' என்றால் அது பஞ்சு நூலிழைதான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போன மாதம் அத்தை வீட்டில் ஒரு மாலைப் பொழுது கழிகிற வரையில்!

அத்தையின் ஒரே பெண் போர்ட் பிளேரில் இருக்கிறாள். தலைப்பிரசவம். விமானப் பிரயாணம் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அன்று மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளையின் குரல் செல்போனில் விட்டு விட்டுக் கேட்டது: "அத்தை, பொண்ணு பொறந்திருக்குதுங்க! ரெண்டு பேரும் சௌக்கியமுங்க!"

அவ்வளவுதான். குழந்தையைப் படத்தில் காட்டச் சொன்னால், வீட்டு இன்டர்நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஊர்க் கோபுரத்துக்கும் அதே கேபிள்தானாம். செல்போனிலும் படம் வரவில்லை.

"ஏன் கண்ணு, பேத்தி மொகத்தைப் பார்க்க விடமாட்டீங்களா?" என்று அத்தை என்னையே கோபித்துக்கொண்டாள், நான்தான் கம்பியை அறுத்தவள் போல!

எதிர்வீட்டுப் பையன் அந்த கேபிள் வேலையில்தான் இருக்கிறான். அவன் வந்து, "கேபிள் அறுகலீங்க அக்கா. எஸ்.எஃப்.பி. போயிருச்சு" என்றான். அது என்ன எஸ்.எஃப்.பி. என்று பார்க்க நானும் அவன் கூடவே கிளம்பிவிட்டேன்.

கேபிள் வந்து சேரும் அறையில் அவன் ஓர் இயந்திரத்திலிருந்து உருவி எடுத்துக் காட்டிய வஸ்து, இரண்டே கால் அங்குல நீளம், அரை அங்குல அகலம். தீப்பெட்டியை விடச் சற்று நீளம். அகலம் அதைவிடக் குறைவு. முகப்பில் இரண்டு துவாரங்கள். ஒன்றின் உள்ளே விளக்கு; மற்றொன்றின் உள்ளே கண்!

விளக்கு என்றால் லேசர். மின்சாரமாக வரும் செய்தியை அது ஒளியாக மாற்றி, விநாடிக்கு நூறு கோடி தடவைக்கு மேல் மின்னி மின்னி அணைந்து, கண்ணாடி இழைக்குள் அனுப்புகிறது. இழையில் ஒளி ஓடுகிற நடுப்பகுதி தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. எதிர் முனையில் உள்ள கண் அந்த மினுக்கலைப் பார்த்து மறுபடி மின்சாரமாக்குகிறது. அனுப்புவதும் பெறுவதும் ஒரே பெட்டி. ஆகவே அதற்கு டிரான்ஸீவர் என்று பெயர்.

பல கம்பெனிகள் 2000-ஆம் ஆண்டில் கூடிப் பேசி இதற்கு ஒரே அளவு வைத்துக்கொண்டன. பழுதானால் பெரிய இயந்திரத்தைக் கழற்ற வேண்டாம். இதை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் போதும். ஆனால் ஏட்டில் உள்ள ஒற்றுமை நடைமுறையில் உண்டா? பையன் புதிதாக ஒன்றைச் செருகினான். இயந்திரம் ஏற்கவில்லை! "வேற கம்பெனி பெட்டிங்க. அளவு சரிதான், ஆனா இந்த மெஷின் தன் கம்பெனி அடையாளம் இருந்தாத்தான் சேர்த்துக்கும்" என்றான். ஒரு கம்பெனி குக்கருக்கு இன்னொரு கம்பெனி காஸ்கெட் பொருந்தாமல் நாம் படும் பாடு நினைவுக்கு வந்தது.

அவனிடம் மிச்சம் இருந்தது 80 கிலோமீட்டர் ரகம். வேண்டியதோ 10 கிலோமீட்டர் ரகம். "சக்தி அதிகமானால் நல்லதுதானே?" என்றேன் அப்பாவியாக.

கோவைக்காரியான நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது! கிணற்றின் ஆழம் பார்த்துத்தானே மோட்டார் வாங்குகிறோம்? இங்கேயும் அதே கணக்கு. 10 கிலோமீட்டர் ரகம் 1310 நானோமீட்டர் அலை நீளத்தில் ஒளி விடுகிறது. அந்த ஒளி எட்டு, ஒன்பது கிலோமீட்டருக்குள் பாதியாகிவிடும். 80 கிலோமீட்டர் ரகத்தின் ஒளி 1550 நானோமீட்டர். அது பாதியாவதற்குச் சுமார் 15 கிலோமீட்டர் போக வேண்டும். அவ்வளவு வலுவான ஒளியைப் பக்கத்து ஊருக்கு அனுப்பினால் எதிர் முனைக் கண் கூசிப்போகும், கெட்டும் போகலாம். ஆகவே பையன் அட்டென்யுவேட்டர் என்ற சின்னஞ்சிறு தடுப்பை நடுவே சேர்த்தான். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடுகிறோமே, அதைப் போல. பச்சை விளக்கு எரிந்தது!

சரி, 80 கிலோமீட்டருக்கு அப்பால்? வழியில் எர்பியம் என்ற உலோகம் கலந்த இழை, களைத்த ஒளிக்கு ஒளியாகவே தெம்பு ஊட்டுகிறது. 1987-ல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினர் செய்து காட்டியது இது. கண்ணாடியைச் சுத்தமாக்கினால் ஒளி வெகு தூரம் போகும் என்று 1966-ல் சொன்ன சார்லஸ் காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. அதற்கும் முன்பே, 1954-ல், இழைக் கற்றை வழியே உருவத்தை அனுப்பிக் காட்டியவர்களில் ஒருவர் நம் பஞ்சாபைச் சேர்ந்த நரிந்தர் சிங் கபானி.

போர்ட் பிளேருக்குக் கடலுக்கடியில் கேபிள் வந்தது 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி. சென்னையிலிருந்து புறப்பட்டு மற்றத் தீவுகளுக்கும் போகும் அதன் மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். அதற்கு முன் அந்தமான்வாசிகள் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக் கோளை நம்பியிருந்தார்கள். கேள்வி மேலே போய்க் கீழே வந்து, பதிலும் அப்படியே வந்து சேர அரை விநாடி ஆகும். கேபிளிலோ சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போக ஒளிக்கு விநாடியில் நூறில் ஒரு பங்கு கூட வேண்டாம்! அந்த நெடுவழிக்குக் கரையில் பெரிய சாதனங்கள் உண்டு. ஆனால் அத்தை வீட்டிலிருந்து கரை வரைக்கும் இத்தகைய குட்டிப் பெட்டிகளில் ஒன்று படுத்தாலும் வழி அடைபட்டுவிடும்.

வாசகியரே, உங்கள் வீட்டு ஃபைபர் பெட்டியிலும் இதே ஜாதி விளக்கு ஒன்று இருக்கிறது. அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே ஜாக்கிரதை வேண்டும். கழற்றிய கேபிள் நுனியைக் குழந்தைகள் கண்ணருகே வைத்துப் பார்க்க விடாதீர்கள். நுனியை விரலால் தொட்டாலும் அழுக்குப் படிந்து ஒளி மங்கும். அலமாரிக்குப் பின்னால் கேபிளை மடக்கிச் செருகினால் ஒளி அந்த மடிப்பிலேயே கசிந்து போகும்.

நாங்கள் திரும்பி வந்தபோது மணி எட்டரை. போனில் போர்ட் பிளேர் தெரிந்தது. துணிச் சுருளுக்குள் ஒரு குட்டி முகம் கொட்டாவி விட்டது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மிளகாயும் உப்பும் எடுத்து வந்து போனையே மூன்று தடவை சுற்றினாள்.

"போனுக்கு எதுக்குங்க அத்தை திருஷ்டி?" என்றேன்.

"பேத்திக்குத்தான் கண்ணு. இத்தனை தூரம் வெளிச்சம் போகுதுன்னா, இதுவும் போய்ச் சேராதா?" என்றாள்.