யோர்தான் தண்ணீரும் பெரியாற்றுத் தண்ணீரும்

(வானொலி மறையுரை)



தொடக்க நூலின் 26ஆம் அதிகாரத்தில் ஒரு கிணற்றுச் சண்டை வருகிறது. பஞ்ச காலத்தில் ஈசாக்கு கெரார் நாட்டுக்குப் பிழைக்கப் போகிறார். அவர் செழிப்பதைப் பார்த்துப் பெலிஸ்தியருக்குப் பொறாமை. அவருடைய தந்தை ஆபிரகாம் காலத்துக் கிணறுகளை மண்ணைக் கொட்டி மூடிவிடுகிறார்கள். ஈசாக்கின் ஆள்கள் புதிதாகத் தோண்டி ஊற்றைக் கண்டதும், தண்ணீர் எங்களுக்கே சொந்தம் என்று கெரார் மேய்ப்பர்கள் வாதாடுகிறார்கள். வேறு இடத்தில் தோண்டினால் அங்கேயும் தகராறு. முதல் கிணற்றுக்குச் சச்சரவு என்றும், இரண்டாவதற்குப் பகை என்றும் பொருள்படும் பெயர்களை வைத்துவிட்டு ஈசாக்கு விலகிப் போகிறார். மூன்றாவது கிணற்றில்தான் சண்டை ஓய்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவரை வெளியேற்றிய அரசன் அபிமெலக்கு, படைத்தலைவரையும் கூட்டிக்கொண்டு அவரைத் தேடி வருகிறான். வெறுத்து அனுப்பியவர்கள் இப்போது ஏன் வந்தீர்கள் என்று ஈசாக்கு கேட்கிறார். மனத்தாங்கலை அவர் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, விருந்து வைக்கிறார். மறுநாள் அதிகாலையில் இரு தரப்பும் ஆணையிட்டு உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். அதே நாளில் வேலையாள்கள் ஓடி வந்து, தோண்டிய கிணற்றில் தண்ணீர் கண்ட செய்தியைச் சொல்கிறார்கள்.

அன்பு நேயர்களே, இது நடந்த அதே மண்ணிலிருந்துதான் இன்று நமக்குப் போர்ச் செய்திகள் வருகின்றன. இஸ்ரயேலரும் அரபு மக்களும் ஆண்டாண்டு காலமாகச் சண்டையிடுவதைக் கேட்டுக் கேட்டு, பேச்சுவார்த்தையால் என்ன நடந்துவிடப் போகிறது என்று நாம் சலித்துக்கொள்கிறோம். நடந்தது உண்டு. 1978 செப்டம்பரில், அமெரிக்க அதிபர் கார்ட்டர் முன்னிலையில், எகிப்தின் சதாத்தும் இஸ்ரயேலின் பெகினும் கேம்ப் டேவிட் மாளிகையில் 13 நாள் தங்கிப் பேசினார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் இரு நாடுகளும் சமாதான ஒப்பந்தம் செய்தன. 1967 போரில் பிடித்த சீனாய் நிலப்பரப்பை இஸ்ரயேல் திருப்பிக் கொடுத்தது. அந்த ஒப்பந்தம் இன்றும் நிற்கிறது.

அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1981இல் சதாத்தைச் சுட்டுக் கொன்றவர்கள் எகிப்தியர்கள். 1993இல் பாலஸ்தீனர்களோடு ஓஸ்லோ உடன்பாடு செய்துகொண்ட இஸ்ரயேல் பிரதமர் ரபினை, 1995இல் சுட்டுக் கொன்றவர் ஓர் இஸ்ரயேலர். அமைதிக்காக எதிரியிடம் போகிறவருக்கு முதல் அடி பெரும்பாலும் சொந்த வீட்டிலிருந்தே விழுகிறது. அமைதி ஏற்படுத்துவோரைப் பேறுபெற்றோர் என்று ஆண்டவர் அழைத்தபோது, எளிய வேலை செய்கிறவர்களை அவர் வாழ்த்தவில்லை.

பெரிதாகப் பேசப்படாத இன்னொரு முயற்சியைச் சொல்கிறேன். நம் ஆண்டவர் திருமுழுக்குப் பெற்ற யோர்தான் ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட, 1953 முதல் 1955 வரை எரிக் ஜான்ஸ்டன் என்ற அமெரிக்கத் தூதர் இஸ்ரயேலுக்கும் அரபு நாடுகளுக்கும் மாறி மாறி நடந்தார். பொறியாளர்கள் ஒத்துக்கொண்டார்கள், அரபு நாடுகளின் தலைவர்கள் கையெழுத்திடவில்லை. திட்டம் தோற்றது என்று எழுதினார்கள். ஆனால் அவர் குறித்த பங்கைத்தான் இஸ்ரயேலும் யோர்தான் நாடும் பெருமளவு அனுசரித்து வந்தன. சட்டப்படி போர் முடியாத அந்த ஆண்டுகளிலும், இரு நாட்டுத் தண்ணீர் அதிகாரிகள் ஆற்றங்கரையில் அதிகச் சத்தமில்லாமல் சந்தித்து, மதகையும் மணல் அடைப்பையும் பற்றிப் பேசி வந்தார்கள்.

அந்தப் பழக்கத்தின் பலன் 1994 அக்டோபர் 26 அன்று கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தில் தெரிந்தது. மழைக்காலத்தில் யார்மூக் ஆற்றிலிருந்து 2 கோடி கன மீட்டர் தண்ணீரை இஸ்ரயேல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். கோடையில் அதே அளவை, யோர்தான் ஆறு கலிலேயக் கடலைவிட்டு வெளியேறும் இடத்திலிருந்து யோர்தான் நாட்டுக்குத் திருப்பித் தரும். சீடர்கள் வலை வீசிய ஏரி, இன்று பக்கத்து நாட்டின் தண்ணீரையும் காத்துவைக்கிற ஏரி. கண்காணிக்க ஒரு கூட்டுக்குழு, தரப்புக்கு 3 பேர். 1999இல் கடும் வறட்சி வந்து, முழு அளவு தர முடியாது என்று இஸ்ரயேல் சொன்னபோதும், பேசித்தான் தீர்த்தார்கள்.

இதெல்லாம் பாலஸ்தீன மக்களின் துயரத்தைத் தீர்த்துவிடவில்லை. 2014 ஜூன் 8, தூய ஆவியார் பெருவிழா அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் இஸ்ரயேல் அதிபர் பெரெஸையும் பாலஸ்தீன அதிபர் அப்பாசையும் வத்திக்கான் தோட்டத்துக்கு அழைத்துச் சேர்ந்து செபித்தார். ஓர் ஒலிவக் கன்றை நட்டார்கள். ஒரே மாதத்தில் காசாவில் போர் மூண்டது. 10 ஆண்டுக்குப் பின், 2023 அக்டோபரில் தொடங்கிய இன்னும் கொடிய போரின் நடுவில், திருத்தந்தை அதே மரத்தடிக்குப் போய் மீண்டும் செபித்தார். காசாவிலுள்ள ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலயத்துக்கு மாலைதோறும் தொலைபேசியில் பேசி வந்தார். பலன் தெரியவில்லை என்பதற்காக அவர் நிறுத்திவிடவில்லை.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். கம்பத்தில் இருப்பவர்களுக்கு இந்த யோர்தான் கதை அந்நியமாக இருக்காது. நம் வயலுக்கு வரும் தண்ணீரும் இன்னொரு மாநிலத்து மண்ணில் தேங்கித்தான் வருகிறது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 1895இல் பென்னிகுயிக் அணையைக் கட்டி முடித்தார். மேற்கே ஓடிய பெரியாறு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப் இறங்கி, நம் நெல்லையும் தென்னையையும் திராட்சையையும் வளர்த்து, வைகையில் சேர்ந்து மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம்வரை போகிறது. பென்னிகுயிக் படத்தை நம் வீடுகளில் சாமி படத்தோடு மாட்டியிருப்பதன் காரணம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1979இல் அணையின் பாதுகாப்பைப் பற்றிய அச்சம் எழுந்து, நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணை பலப்படுத்தப்பட்டபின் 142 அடிவரை தேக்கலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளம் சட்டம் இயற்றித் தடுத்தது. 2011 டிசம்பர் நமக்கு மறக்காது. ஆயிரக்கணக்கானோர் குமுளி நோக்கி நடந்தார்கள். எல்லைச் சாலை அடைபட்டது. ஏலத்தோட்டங்களில் நம் கூலித் தொழிலாளர்கள் அடிபட்டுத் திரும்பினார்கள். மலைக்கு இப்பால் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. நாம் நம் காயத்தைச் சொல்லும்போது அடுத்தவர் காயத்தையும் சேர்த்தே சொல்வதுதான் உண்மை.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அணை பாதுகாப்பானது என்று கூறி 142 அடியை உறுதிசெய்தது. அதோடு ஒரு கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது: மத்திய நீர்வள ஆணையத்திலிருந்து ஒருவர், தமிழ்நாட்டிலிருந்து ஒருவர், கேரளத்திலிருந்து ஒருவர். 2022இல் இரு மாநிலத்துக்கும் தலா ஒரு தொழில்நுட்ப வல்லுநரைச் சேர்க்கச் சொன்னது. நாம் 142 அடியைக் கொண்டாடினோம். குழுவை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. தீர்ப்பு ஒரு தரப்புக்கு வெற்றி, மற்றதற்குத் தோல்வி. இரு தரப்பும் சேர்ந்து நடந்து கசிவுநீரை அளந்து, மதகைத் திறந்து பார்ப்பதுதான் நாளடைவில் நம்பிக்கையை வளர்க்கும். யோர்தான் கரை நமக்குச் சொல்வது இதைத்தான்.

சகோதரர்களே, தண்ணீர் உரிமையை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஈசாக்கும் தண்ணீர் இல்லாமல் வாழ்ந்துவிடவில்லை, தோண்டிக்கொண்டே இருந்தார். ஆனால் அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் மழை இரவில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கும் தாயின் பயம் நடிப்பல்ல. ஆய்வறிக்கை அவளுக்கு எட்டாமல் இருக்கலாம், பயம் எட்டியிருக்கிறது. நம் பட்டினிப் பயத்தை அவள் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிற நாம், அவள் பயத்தைக் கேலி செய்யலாமா? அவளும் ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் போகிறவளாக இருக்கலாம். அவள் மலையாளத்தில் அமைதி வாழ்த்துச் சொல்கிறாள், நாம் தமிழில் சொல்கிறோம்.

விடியற்காலையில் ஜீப்பில் கம்பம்மெட்டும் குமுளியும் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களே, உங்களைவிடச் சிறந்த தூதர்கள் இரு மாநிலத்துக்கும் இல்லை. ஒரே வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது, நம் வயலைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் பயத்தையும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அணை உடைகிறது என்றோ, நம் ஆளை அடித்தார்கள் என்றோ வரும் படத்தை, உண்மை தெரியும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள். 2011இல் கல்லைவிட வேகமாகப் பறந்தது வதந்திதான். இந்த வாரம் குடும்பச் செபத்தில், காசாவையும் இஸ்ரயேலையும் நினைக்கும்போது வண்டிப்பெரியாற்றையும் பெயர் சொல்லி நினையுங்கள்.

செபிப்போம்: ஆண்டவரே, ஈசாக்குக்கும் அவரைத் துரத்தியவர்களுக்கும் ஒரே பந்தியில் இடம் தந்தீர். யோர்தான் கரையிலும் பெரியாற்றின் இரு கரைகளிலும் வாழும் உம் பிள்ளைகளை அந்தப் பந்திக்கு அழைத்து வாரும். எங்கள் வாயிலிருந்து முதலில் கேள்வி வரட்டும், பின்பு விருந்து வரட்டும். ஆமென்.